கீழே எவ்வளவு கேட்கிறது

மூன்று பேரும் தரையிறங்கி, அவரவர் துணிச் சிறகைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் வண்டித்தடம் வழியாக நடந்து வந்தார். காலை மணி ஏழேகால். வெள்ளைச் சீருடை, அதன்மேல் பட்டன் மாறிப் போட்ட சாம்பல் நிற ஸ்வெட்டர், காலில் வீட்டுக்குள் போடுகிற ரப்பர் செருப்பு. சண்டைக்கு வந்தவர் போலத் தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்று மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நடுவில் நின்றவரிடம் கேட்டார்.

"இது எத்தனை மணிக்கு நிக்கும்?"

நடுவில் நின்றவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். வயது நாற்பத்தெட்டு. ஊரில் இருக்கும் பழைய கட்டடங்களின் லிஃப்டுகள் எல்லாம் அவர் கைபட்டவை. அவர் குடியிருந்த கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடிக்குப் படியேறித்தான் போக வேண்டும். இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அவருடைய கம்பெனியில் இல்லை. அவருக்குக் கல்யாணமாகி நாலு வருடம் நீடித்தது. பெரிய சண்டை எதுவும் நடக்காமலேயே பிரிந்தார்கள். உங்களோடு இருப்பதும் தனியாக இருப்பதும் ஒன்றுதான் என்று மனைவி போகும்போது சொன்னார். அவர் அதை மறுக்கவில்லை. மறுப்பதற்கும் பேச வேண்டுமே.

பகல் முழுக்க இருட்டுக் குழிக்குள், கம்பிக் கயிறுகளுக்கு நடுவே நின்று வேலை செய்பவர் அவர். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு விடுமுறையில் முதன்முதலாகப் பாராமோட்டாரைப் பார்த்தார். ஆள் முதுகில் ஒரு சின்ன இன்ஜின், அதன் பின்னால் கம்பி வளையத்துக்குள் சுழலும் காற்றாடி, தலைக்கு மேலே நீளமான துணிச் சிறகு. பத்தடி ஓடினால் போதும், கால் தரையை விட்டுவிடும். அந்த வருடமே பயிற்சி எடுத்துக்கொண்டு ஒன்றை வாங்கிவிட்டார். பேக்கரிக்காரர் ஒருவர், வக்கீல் ஒருவர், இவர் என்று மூன்று பேருமாக ஊருக்கு வெளியே தரிசாகக் கிடந்த ஒரு நிலத்தில், காற்று அடங்கியிருக்கும் விடியற்காலைகளில் பறந்துகொண்டிருந்தார்கள்.

நிலத்தை ஒட்டியிருந்த வீடுகளில் ஒன்றில்தான் அந்தப் பெண் குடியிருந்தார். நர்ஸ். இரவு டூட்டி முடிந்து ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, களைப்பில் சீருடையோடேயே ஆறரைக்குப் படுப்பாராம். "நான் தலையணையில தலை வைக்கறதும் நீங்க கிளப்பறதும் ஒரே நேரம்" என்றார். வக்கீல் சும்மா இருக்கவில்லை. எந்த உயரத்துக்கு மேல் பறந்தால் சட்டப்படி யாரும் கேட்க முடியாது என்பதை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். நர்ஸ் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நான் சட்டத்தைப் பத்திக் கேக்கலைங்க. தூக்கத்தைப் பத்திக் கேட்டேன்."

சொல்லிவிட்டு வந்த வழியே போய்விட்டார்.

அடுத்த வாரம் நிலத்துக்காரர் வந்தார். வீடுகளில் இருப்பவர்கள் பத்துப் பதினைந்து பேர் கையெழுத்துப் போட்டு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். நர்ஸின் கையெழுத்து அதில் இல்லை என்பதை லிஃப்ட்காரர் கவனித்தார். இன்னொரு முறை பேச்சு வந்தால் நிலத்தைத் தர முடியாது என்று நிலத்துக்காரர் சொல்லிவிட்டார். பேக்கரிக்காரரும் வக்கீலும் கடற்கரைப் பக்கம் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அங்கே போக இரண்டு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். லிஃப்ட்காரரால் முடியாது. எங்காவது லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் நாற்பது நிமிடத்தில் போய் நிற்க வேண்டிய வேலை அவருடையது. கம்பெனி கொடுத்த போன், குளிக்கும்போதுகூட ஜன்னல் விளிம்பில் இருக்கும்.

இரண்டு நாள் யோசித்தார். பிறகு நிலத்துக்காரரைத் தேடிப் போய், மூன்று மாதம் கொடுங்கள், சத்தத்தைக் குறைத்துக் காட்டுகிறேன் என்றார். இன்ஜின் என்றால் சத்தம் வரத்தானே செய்யும் என்று நிலத்துக்காரர் சிரித்தார். லிஃப்டிலும் மோட்டார் ஓடுகிறது, உள்ளே நிற்கிறவருக்குக் கேட்கிறதா என்று இவர் திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே மூன்று மாதம் கிடைத்தது.

வேலையைத் தொடங்கிய முதல் நாளே ஒரு சிக்கல். கீழே எவ்வளவு கேட்கிறது என்பது அவருக்குத் தெரியாது. பறக்கும்போது காதை மூடிய ஹெல்மெட். முதுகில் ஒட்டியபடி இன்ஜின். மேலே இருப்பவருக்குத் தன் சத்தம் எப்போதும் ஒரே அளவுதான். சத்தத்தை அளக்கும் செயலியைப் போனில் ஏற்றி, நிலத்தின் ஓரத்தில் ஒரு கல்மேல் வைத்துவிட்டுப் பறந்து பார்த்தார். இறங்கி வந்து பார்த்தால் எண்கள் இருந்தன. காக்கை கத்தியதும் பால் வண்டி போனதும் அதே எண்களுக்குள் கலந்திருந்தன. யார் தூக்கம் கலைந்தது என்று எந்த எண்ணும் சொல்லவில்லை.

அன்று மாலை ஐந்து மணிக்கு நர்ஸின் வீட்டுக் கதவைத் தட்டினார். வரிசையில் கடைசி வீடு. கூரையில் பச்சைத் தகடு. மேலிருந்து பார்த்தால் அந்த வரிசையில் அது ஒன்றுதான் பச்சை. நர்ஸ் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒரு கையில் சாப்பாட்டு டப்பா, இன்னொரு கையில் சீப்பு.

"நான் மேல இருக்கேன் சிஸ்டர். கீழ எவ்வளவு கேக்குதுன்னு எனக்குத் தெரியாது. நான் பறக்கறப்ப நீங்க முழிச்சீங்கன்னா ஒரு மெசேஜ் போடுங்க. முழிக்கலேன்னா போட வேணாம்."

"முழிக்கலேன்னா எப்படி சார் போடறது?"

அவருக்கு ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது. நர்ஸ் சிரித்துவிட்டு நம்பரைக் கொடுத்தார். பெயர் கேட்கத் தோன்றவில்லை. படியிறங்கி வந்தபிறகு 'பச்சைக் கூரை' என்று பதிந்துகொண்டார்.

மறுநாள் முதல் மெசேஜ் வந்தது. "6.41. முழிச்சேன். ஜன்னல் கண்ணாடி அதிருது."

அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். பறந்த வழியையும் பக்கத்தில் வரைந்து பார்த்தார். உயரம் பிடிப்பதற்காக இத்தனை நாளும் வீடுகளின் தலைக்கு மேலேதான் வட்டமடித்திருக்கிறார் என்பது அப்போது தெரிந்தது. அடுத்த நாள் எதிர்த்திசையில் ஓடிக் கிளம்பினார். ஏரிப்பக்கம் போய் அங்கேயே உயரம் பிடித்து, இன்ஜினைத் தணித்துக்கொண்டு அதற்குப் பிறகுதான் வீடுகளின் மேல் வந்தார். "6.52" என்று வந்தது. பதினொரு நிமிடம் கூடுதல் தூக்கம். அன்று அவர் ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒன்றின் குழிக்குள் நின்றபடி தனக்குத்தானே சிரித்துக்கொண்டதைப் பார்த்து, கூட வேலை செய்தவர் என்ன விஷயம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றார்.

பிறகு ரப்பர். இன்ஜின் சட்டத்தைத் தொடும் நான்கு இடங்களிலும் மெத்தென்ற ரப்பர் கட்டைகளைப் பொருத்தினார். அது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு; லிஃப்ட் மோட்டார் கட்டடத்தை உலுக்காமல் இருப்பது அப்படித்தான். நர்ஸ் எழுதினார்: "கண்ணாடி அதிரல. ஆனா காதுக்குள்ள ஒரு ஈ சுத்தற மாதிரி இருக்கு."

அந்த ஈயைத் தேடி ஒரு வாரம் படித்தார். இன்ஜினைவிடக் காற்றாடிதான் பெரிய குற்றவாளி என்று தெரிந்தது. அதன் நுனி அளவுக்கு மீறிய வேகத்தில் காற்றைக் கிழிப்பதால் வருகிற இரைச்சல் அது. காற்றாடி பெரிதாக இருந்து மெதுவாகச் சுற்றினால் அதே தள்ளுவிசை, பாதி இரைச்சல். பெரிய காற்றாடிக்குப் பெரிய வளையம் வேண்டும். வேகத்தைக் குறைக்கப் பெரிய கப்பி வேண்டும். வெல்டிங் பட்டறையில் மூன்று மாலை உட்கார்ந்து வளையத்தைப் பெரிதாக்கினார். வெல்டர், இது என்ன கோழிக்கூண்டா என்று கேட்டார். ஆமாம், கோழி நான்தான் என்றார் இவர். அந்த மாதத்தில் அவர் அடித்த ஒரே ஜோக் அது.

"ஈ போயிடுச்சு. இப்ப யாரோ நாலு வீடு தள்ளி துணி தைக்கற மாதிரி. 7.05."

நர்ஸின் மெசேஜ்களில் மெல்ல மெல்ல வேறு வரிகளும் வரத் தொடங்கின. பன்னிரண்டு கட்டிலுக்கு இரண்டு பேர்தான் என்று ஒரு நாள். ஒரு தாத்தா மணிக்கொரு தடவை தம்பியைக் கூப்பிடுகிறார், தம்பி செத்து முப்பது வருடம் ஆகிறதாம் என்று இன்னொரு நாள். கால் வீங்கியிருக்கிறது, தூக்கம் வரவில்லை, உங்கள் மேல் தப்பில்லை என்று ஒரு நாள். இதற்கெல்லாம் லிஃப்ட்காரரின் பதில் ஒன்றுதான். "சரி சிஸ்டர். குறிச்சுக்கிட்டேன்" என்று எழுதினார். உண்மையிலேயே குறித்தும் வைத்தார். காற்றாடி, கப்பி, திசை, உயரம் என்ற கட்டங்களுக்குக் கீழே, தாத்தா தம்பியைக் கூப்பிடுகிறார் என்று அவருடைய நோட்டில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா போன் செய்வார். அக்காவின் பேச்சு ஒரு வழிப்பாதை. அத்தானுடைய முழங்கால், பக்கத்து வீட்டு நாய், மருமகளின் மௌனம் எல்லாம் முடிந்தபிறகு கடைசியில் தம்பியிடம் வருவார்.

"ஆகாசத்துல யாருடா உனக்கு இருக்கா? தினம் தினம் போறியே."

"யாருமில்லக்கா. அதுக்குத்தான் போறேன்."

அக்கா நாயைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தார்.

இன்ஜின் காற்றை உறிஞ்சும் வாய்க்கு, உள்ளே பஞ்சு ஒட்டிய ஒரு பெட்டி செய்து மாட்டினார். கார்புரேட்டரைத் திருப்பித் திருப்பிச் சரி செய்தார். கடைசியாகப் புகை வெளியேறும் வழியில் இரண்டாவதாக ஒரு சைலன்சர். அதை அவரே தகட்டில் உருட்டி, உள்ளே துளைக் குழாய் வைத்து, சுற்றிலும் கண்ணாடி இழைப் பஞ்சைத் திணித்தார். பால்கனியில் உட்கார்ந்து நாலு மாலை செய்த வேலை. தரையில் ஓட விட்டுப் பார்த்தபோது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அதோடு பறந்த மூன்றாவது காலையில், ஏரியிலிருந்து திரும்பி வீடுகளை நெருங்கும்போது, இன்ஜினின் சூட்டைக் காட்டும் முள் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். உடனே திரும்பித் தணித்திருக்க வேண்டும். பச்சைக் கூரையை மட்டும் தாண்டிவிட்டால் மெசேஜ் வருகிறதா இல்லையா என்று தெரிந்துவிடுமே என்று ஒரு நிமிடம் பொறுத்தார். அந்த ஒரு நிமிடம் போதும். முதுகில் ஒரு உதறல், காற்றாடி நின்றது.

இன்ஜின் நின்றால் பாராமோட்டார் விழுந்துவிடாது. சிறகு மிதந்தபடி மெதுவாகக் கீழே இறக்கும். அது அவருக்குத் தெரியும், பயிற்சியில் செய்திருக்கிறார். ஆனால் ஊருக்கு மேலே, இருநூறு மீட்டர் உயரத்தில், சத்தமே இல்லாமல் அவர் இருந்தது அதுதான் முதல் தடவை. ஹெல்மெட்டை ஒரு பக்கம் தளர்த்தினார். சிறகின் கயிறுகளில் காற்று மெல்லச் சீறியது. அதற்குக் கீழே ஊர் கேட்டது. ஒருவர் பல் தேய்த்துவிட்டுக் காறுகிறார். குழாயில் தண்ணீர் வாளிக்குள் விழுகிறது. ஒரு குழந்தை பாடத்தை ராகம் போட்டு ஒப்பிக்கிறது. தப்பு விட்ட இடத்தில் அம்மாவின் குரல் திருத்துகிறது. இத்தனையும் தினமும் நடந்துகொண்டிருந்திருக்கிறது, அவருடைய சத்தத்துக்கு அடியில். ஒருவர்கூட மேலே பார்க்கவில்லை. பார்க்க ஒரு காரணமும் இல்லை.

பச்சைக் கூரைக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் இறங்கினார். கொஞ்சம் வேகமாகத்தான். முழங்கால் தரையில் பட்டுத் தோல் உரிந்தது. எழுந்து நின்றபோது நர்ஸின் பின்கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. மூடிய ஜன்னலில் கறுப்புத் துணி. கொடியில் இரண்டு வெள்ளைச் சீருடைகள் காய்ந்துகொண்டிருந்தன.

முழங்காலிலிருந்து ரத்தம் காலணிக்குள் இறங்கியது. தட்டினால் கதவைத் திறந்து கட்டுப் போட்டுவிடுவார். ஒரு வாய் தண்ணீரும் கிடைக்கும். மணி ஆறு ஐம்பது. படுத்து இருபது நிமிடம் ஆகியிருக்கும். அவர் தட்டவில்லை. இருபத்தைந்து கிலோ இன்ஜினையும் சிறகையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால் இரண்டையும் சுவரோரம் ஓசைப்படாமல் சாய்த்து வைத்தார். நிலத்தின் மறுகோடியில் தன் வேன் நிற்கும் இடத்துக்கு நொண்டியபடி ஒரு கிலோமீட்டர் நடந்தார். வேனை ஓட்டிக்கொண்டு திரும்பி வந்து, தெருமுனையிலேயே அணைத்துவிட்டு, கடைசி நூறடியைத் தோள் கொடுத்துத் தள்ளினார். ஏற்றிக்கொண்டு, மறுபடி தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனார். பால் ஊற்ற வந்தவர் என்ன வண்டி ரிப்பேரா என்று கேட்க, உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

மூன்று மணிக்கு, பன்னிரண்டாவது மாடியில் ஒரு கதவைச் சரி செய்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. பச்சைக் கூரை. மெசேஜ் இல்லை, அழைப்பு.

"பின்னாடி சுவர்ல எண்ணெய்க் கறை இருக்கு. புல்லெல்லாம் படுத்திருக்கு. படியில ரத்தம். நீங்களா சார்?"

அவர் நடந்ததைச் சொன்னார்.

"ஏன் தட்டல?"

"தூங்கிட்டிருப்பீங்கன்னு."

"நான் நர்ஸ் சார். அடிபட்டவங்க தட்டறதுக்குத்தான் இருக்கேன்."

"ஒண்ணும் ஆகல சிஸ்டர். பெருசா ஏதாவது ஆகியிருந்தா தட்டியிருப்பேன்."

"பெருசா ஆகியிருந்தா எப்படித் தட்டுவீங்க?"

காயத்தைக் கழுவினீர்களா, டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று நர்ஸ் விசாரித்தார். கேட்டதற்கெல்லாம் இவர் சிறுபிள்ளை போலப் பதில் சொன்னார். போனை வைத்தபிறகு, மாட்ட வேண்டிய திருகாணி எங்கே என்று வெகுநேரம் தேடினார். அது அவர் கைக்குள்ளேயே இருந்தது.

சைலன்சருக்குள் பஞ்சு கழன்று துளைகளை அடைத்திருந்தது. புகை போக வழியில்லாமல் இன்ஜின் வெந்துபோய்ப் பிஸ்டன் இறுகிவிட்டது. புது பிஸ்டன் போட்டார். சைலன்சரை இன்னும் அகலமாக, பஞ்சு நகராதபடி உள்ளே கம்பி வலை சுற்றி மறுபடியும் செய்தார். இந்தத் தடவை சூட்டு முள் அசையவில்லை. நிலத்துக்காரர் ஒரு காலையில் நேரில் வந்து நின்று கேட்டுவிட்டு, வருடம் பூராவும் பறந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பச்சைக் கூரையிலிருந்து மெசேஜ் வரவில்லை. முதல் நாள் வராதபோது பறந்த களைப்பிலும் துள்ளிக் குதிக்காத குறைதான். இரண்டாம் நாளும் வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று. நோட்டில் தேதிக்கு நேரே 'தூக்கம்' என்று எழுதிக்கொண்டே வந்தார். பதினெட்டு 'தூக்கம்' சேர்ந்தது. முழித்தால்தான் மெசேஜ் என்பது அவரே போட்ட விதி. அந்த விதிப்படி இனி அவர்களுக்குள் பேச்சு கிடையாது. தாத்தா இன்னும் தம்பியைக் கூப்பிடுகிறாரா, கால் வீக்கம் வடிந்ததா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. கேட்டு எழுதியிருக்கலாம். எழுதினார், அழித்தார். முழங்கால் ஆறிவிட்டது என்று எழுதினார். அதையும் அழித்தார். ஒரு நர்ஸிடம் ஆறிப்போன புண்ணைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

பத்தொன்பதாவது நாள் அவர் செய்ததை நான் மறைக்கப் போவதில்லை. ஏரியைச் சுற்றாமல் நேரே வீடுகளின் மேல் வந்தார். பச்சைக் கூரைக்கு மேல் ஐம்பது மீட்டருக்கு இறங்கி, விசையை முழுதாக அழுத்திப் பிடித்தபடி ஒரு வட்டம் போட்டார். எத்தனை பஞ்சு அடைத்தாலும், முழு வேகத்தில் அவ்வளவு தாழ்வாகப் போனால் இன்ஜின் இன்ஜின்தான்.

இறங்குவதற்குள் மெசேஜ் வந்துவிட்டது. "6.48. முழிச்சுட்டேன். மிஷின்ல ஏதாவது பிரச்னையா சார்? ராத்திரி அந்தத் தாத்தா போயிட்டார். இப்பத்தான் கண்ணசந்தேன்."

அவர் சிறகின் நடுவில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, ரப்பர் கழன்றுவிட்டது, நாளைக்குச் சரியாகிவிடும் என்று எழுதினார். "பரவால்ல. பத்திரமா இருங்க" என்று பதில் வந்தது.

இரண்டு நாள் பறக்கப் போகவில்லை. மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்குப் போய்க் கதவைத் தட்டினார். நர்ஸ் உள்ளே வரச் சொன்னார். ஒரே அறை, கட்டில், ஒரு நாற்காலி, சுவரில் டூட்டி அட்டவணை. இவர் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார்.

"அன்னைக்கு ரப்பர் கழலல சிஸ்டர். நான் வேணும்னுதான் சத்தம் போட்டேன்."

நர்ஸ் கையிலிருந்த சீப்பை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"எதுக்கு?"

"மெசேஜ் வரலையேன்னு."

வெளியே சைக்கிள் ஒன்று மணியடித்துப் போனது. நர்ஸின் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அன்னைக்கு அப்புறம் தூக்கமே வரல சார். அப்படியே எழுந்து உக்காந்துட்டேன். ராத்திரி மறுபடி டூட்டிக்குப் போய் ஒரு மருந்தைத் தப்பா எடுத்துட்டேன். கூட இருந்தவ பாத்து நிறுத்தினா." சீப்பை மறுபடி எடுத்துக்கொண்டு, "பேசணும்னா போன் பண்ணியிருக்கலாமே" என்றார்.

"என்ன பேசறதுன்னு தெரியல."

"எனக்கு மட்டும் தெரியுமா? ஈ சுத்துது, தையல் மிஷின் ஓடுதுன்னு எழுதிட்டிருந்தேன்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நர்ஸ் எழுந்தார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தெருமுனை வரை இருவரும் சேர்ந்து நடந்தார்கள். பஸ் வந்ததும் நர்ஸ் ஏறிக்கொண்டார். கூட்டத்துக்குள் அவர் முகம் தெரியவில்லை.

அதன்பிறகு லிஃப்ட்காரர் ஏரியிலிருந்து வீடுகள் பக்கம் திரும்பவே இல்லை. எதிர்த்திசையில், மனித நடமாட்டம் இல்லாத தரிசின் மேல் போய்த் திரும்பினார். அங்கே அவ்வளவு அமைதியான இன்ஜின் தேவையே இல்லை. இருந்தாலும் வாரத்துக்கு ஒருமுறை சைலன்சரைக் கழற்றிப் பஞ்சைப் பார்த்தார்.

ஒன்றரை மாதம் கழித்து, மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் அறைக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மெசேஜ் வந்தது. "ஒண்ணாம் தேதியிலேருந்து பகல் டூட்டி போட்டுட்டாங்க. இனிமே காலையில நான் தூங்க மாட்டேன். நீங்க தாராளமா இந்தப் பக்கம் பறக்கலாம்." மூன்று தடவை படித்தார். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. சாப்பாட்டை மூடி வைத்தார். பிறகு, பறப்பதை ஒரு முறை பக்கத்திலிருந்து பார்க்க வருகிறீர்களா என்று எழுதினார். இம்முறை அழிப்பதற்கு முன்னால் அனுப்பிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு விடுமுறைக் காலையில் நர்ஸ் வந்தார். சீருடை இல்லாமல் அவரைப் பார்ப்பது லிஃப்ட்காரருக்கு அதுதான் முதல் தடவை. மஞ்சள் நிற உடை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். இவ்வளவு நாள் சுவருக்குள் படுத்துக் கேட்ட பொருளை இப்போதுதான் பார்ப்பதாகச் சொல்லி, காற்றாடியைத் தொட்டுப் பார்த்தார். இதுவா ஈ என்று கேட்டார். ஆமாம் என்றார் இவர். இன்ஜினைக் கிளப்பியதும் நர்ஸ் ஒரு அடி பின்னால் போனார்.

"சத்தம் எப்படி இருக்கு?"

"பக்கத்துல நின்னா சத்தம்தான் சார்" என்று நர்ஸ் கத்திச் சொன்னார்.

ஓடிக் கிளம்பினார். முந்நூறு மீட்டரில் திரும்பிப் பார்த்தபோது தரிசில் ஒரு மஞ்சள் புள்ளி கையை அசைத்துக்கொண்டிருந்தது. அவரும் அசைத்தார், தெரிந்திருக்குமோ என்னவோ. ஏரியைச் சுற்றிவிட்டு வந்தபோதும் புள்ளி அங்கேயே இருந்தது. இரண்டாவது சுற்று முடிந்து திரும்பியபோது அது வண்டித்தடத்தில் ரோட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ரோட்டில் பஸ் ஒன்று நின்று கிளம்பியது. அவர் இறங்கும்போது நிலத்தில் யாரும் இல்லை.

இன்ஜினை அணைத்து இறக்கி வைத்தார். பையில் போன் அதிர்ந்தது.

"டவுனுக்குப் போகணும். பஸ் வந்துடுச்சு, அடுத்தது மத்தியானம்தான். மேல போனதுக்கப்புறம் ஒண்ணுமே கேக்கல சார். பாத்துட்டு மட்டும் இருந்தேன்."

அடுத்த விடுமுறை எப்போது என்று கேட்டு எழுதினார். பதில் உடனே வந்தது: "தெரியல. லிஸ்ட் ஒட்டினாத்தான் தெரியும்."

போனைப் பையில் போட்டுக்கொண்டு சிறகைச் சுருட்டத் தொடங்கினார். பத்து மீட்டர் நீளத் துணி. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்தால் ஐந்து நிமிட வேலை. ஒரு முனையை மடித்து, அது பிரியாமல் இருக்க மேலே ஹெல்மெட்டை வைத்தார். புல்லில் நடந்து மறு முனைக்குப் போய் அதை மடித்தார். பிறகு திரும்பி நடந்து வந்தார்.